நடந்து போய்க் குளிக்கும் நீர்

துறையூர்க்காரர்களுக்குக் கொல்லிமலையின் வாசல் புளியஞ்சோலை. உப்பிலியபுரம் தாண்டிப் போனால், மலையடிவாரத்தில் ஐயாறு பாறைகளுக்கிடையே சலசலத்து இறங்குகிறது. கட்டுச்சோறோடு வந்து, அங்கேயே குளித்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அந்த நீரின் முழு அருமை தெரிய, ஆற்றை எதிர்த்து ஆகாய கங்கை அருவி வரை ஏற வேண்டும்.

ஒரு பகல் முழுவதையும் கேட்கும் நடை அது. பாறை மாறிப் பாறை தாவும்போது பேச்சு தானாகக் குறைகிறது. கால் கவனிக்கிறது, காது ஆற்றைப் பின்தொடர்கிறது. அருவி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் இரைச்சலும் சாரலும் வந்து சேர்கின்றன. பிறகு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் நீர்!

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அறப்பளீசுவரர் கோயிலருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கியும் இதே அருவியை அடையலாம். அதுவும் நல்ல வழியே. ஆனாலும் ஆற்றோடு ஏறியவருக்கே அதன் ஓட்டம் முழுதும் பழக்கமாகிறது.

நம் மலை தருவது குளிர்ந்த நீர். ஏறிக் களைத்த உடம்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மழை வலுத்தால் ஆறு சட்டென்று பெருகும். வனத்துறையிடம் கேட்டு, வானம் பார்த்து, விடியலிலேயே கிளம்புங்கள்.