ஒலிப்பதிவுப் பயிற்சி: கருவிக்கா, காதுக்கா?

ஒலிப்பதிவைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவர் முதலில் தேடுவது பயிற்சி நிலையங்களின் விளக்க ஏடுகளைத்தான். அவற்றுள் பல ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. இத்தனை கணிப்பொறிகள், இன்ன மென்பொருள், இன்ன நாட்டுக் கலவைக் கருவி, ஆறு மாதத்தில் சான்றிதழ் என்று பட்டியல் நீளுகிறது. மாணவரின் காதுக்கு என்ன பயிற்சி கிடைக்கும் என்ற செய்தியை அதில் காண்பது அரிது. கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் பெற்றோர் கவனிக்க வேண்டிய குறை இதுவே.

ஏன் இதைப் பெரிய குறை என்கிறோம்? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு வீணைக்கு முன்னால் இரண்டு ஒலிவாங்கிகளை வைக்கிறோம். இரண்டாவது, முதலாவதைவிட 34 செ.மீ. தொலைவில் இருக்கிறது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்கிறது. ஆகவே, இரண்டாவது ஒலிவாங்கியை அது ஆயிரத்தில் ஒரு நொடி தாமதமாக அடையும். இரண்டையும் ஒரே அளவில் கலந்தால், 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இந்தத் தாமதம் சரியாக அரை அலைக்குச் சமமாகிறது. ஒன்றின் முகடு மற்றதன் அகட்டில் விழுந்து, அந்த ஒலி அடங்கிப் போகிறது. 1,500, 2,500 ஹெர்ட்ஸ்களிலும் இதே கதிதான். 1,000, 2,000 ஹெர்ட்ஸ்களிலோ இரண்டும் கூடி வலுப்பெறுகின்றன. சீப்பின் பற்களைப் போல இடைவெளி விழுந்த நாதமே பதிவில் எஞ்சும்.

இவ்வாறு அடங்கிப் போன ஒலியைப் பிறகு எந்தக் குமிழைத் திருகியும் முழுமையாக மீட்க இயலாது. ஒலிவாங்கியை ஒரு சாண் நகர்த்தியிருந்தாலே பலன் மாறியிருக்கும். எங்கோ குறை இருக்கிறது என்று அந்த நேரத்தில் காது சொல்ல வேண்டும். அதன் காரணத்தை இயற்பியல் சொல்ல வேண்டும். மென்பொருளை மட்டும் கற்றவருக்கு இவ்விரண்டும் கைகொடுப்பதில்லை.

இந்த உண்மையை உணர்ந்தோர் முன்பே இருந்தனர். இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க், 1946இல் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், ஒலிப்பதிவாளருக்கு இசையோடு இயற்பியலையும் ஒலியியலையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று யோசனை கூறினார். 1949இல் எரிக் தீன்ஹாஸ் ஜெர்மனியின் டெட்மோல்ட் நகரில் அத்தகைய படிப்பொன்றைத் தொடங்கினார். ‘டோன்மைஸ்டர்’ எனப்படும் இந்தப் பயிற்சியில் சேர ஓர் இசைக்கருவியை நன்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகமும் 1970இல் இதே பெயரில் பட்டப்படிப்பை ஏற்படுத்தியது.

இம்முறையிலும் குறை உண்டு. ஆண்டுகள் பல பிடிக்கும். மேலை இசைக்குறியீடு அறியாத திறமைசாலிக்கு வாசலே திறக்காது. இதற்கு மாறான வழி, பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்து கற்பது. ஜெஃப் எமெரிக், 1962இல் லண்டன் இ.எம்.ஐ. கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1966இல் பீட்டில்ஸ் குழுவின் ‘ரிவால்வர்’ இசைத்தட்டுப் பதிவுக்குத் தலைமைப் பொறியாளரானபோது அவருக்கு வயது 20. இடையிலிருந்த ஆண்டுகளில் அவர் மூத்தவர்களின் அருகில் இருந்து கேட்டுக் கற்றார். ஆனால், வீட்டுக் கணிப்பொறியிலேயே பதிவு செய்யும் காலம் வந்தபின், அத்தகைய உதவியாளர் வேலைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. பயிற்சி நிலையங்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படியானால், மூத்தவரின் அருகில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பையே அந்நிலையங்கள் முதலில் ஈடுசெய்ய வேண்டும். பலவும் அதை விடுத்துக் கருவிகளைக் காட்சிக்கு வைக்கின்றன.

கருவிகளோ விரைவில் மூப்படைபவை. காந்த நாடாவின் இடத்தை எண்முறைப் பதிவு பிடித்தது. குறுந்தகடு 1982இல் விற்பனைக்கு வந்தது. பிறகு அதுவும் பின்தள்ளப்பட்டது. அறையின் எதிர்முழக்கம் பற்றி 1890களில் வாலஸ் சபைன் கண்ட விதி இன்றும் செல்லுபடியாகிறது. எது அடிப்படை, எது மேற்பூச்சு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2009இல் ஆஸ்கார் விருது பெற்ற ரசூல் பூக்குட்டி, இயற்பியலில் பட்டம் பெற்றபின் பூனா திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு பயின்றவர். நமது இசைக்கருவிகளும் பாடத்தில் இடம்பெற வேண்டும். மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கரணை, அதன் மேற்சுரங்களை எவ்வாறு ஒழுங்குபடுத்துகிறது என்பதை சி.வி. ராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920லேயே எழுதினார். மேலை நாட்டு டிரம் வரிசையைப் பதிவு செய்ய மட்டும் கற்றுக்கொடுத்து, தொப்பிக்கும் வலந்தலைக்கும் ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்று சொல்லித்தராத பயிற்சி, தமிழ்நாட்டு மாணவருக்குப் பாதிப் பயிற்சியே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதன்படி 100 டெசிபலில் கால் மணி நேரமே பாதுகாப்பானது. உட்செவியில் அழிந்த மயிர்ச் செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. தொழிலுக்கு முதலான காதைக் காக்கச் சொல்லித்தராத பள்ளியை என்னவென்பது?

எனவே மாணவர்களே, பணம் கட்டுமுன் நேரில் சென்று கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் உங்கள் கையால் ஒலிவாங்கி வைத்து உயிருள்ள இசையைப் பதிவு செய்வீர்கள்? ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்? அதிர்வெண்ணைக் காதால் இனங்காணும் தேர்வு உண்டா? சென்ற ஆண்டு மாணவர் செய்த, திருத்தப்படாத பதிவைப் போட்டுக் காட்டுவார்களா? மழுப்பலான விடை வந்தால் திரும்பி விடுங்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பாகத்துக்கு இரண்டு ஒலிவாங்கிகளும் ஓர் இயற்பியல் நூலும் வாங்கலாம். பக்கத்துக் கோயில் மண்டபத்தில் நாகசுரம் வாசிப்பவரிடம் அனுமதி கேட்டு, ஒலிவாங்கியைச் சாண் சாணாக நகர்த்திப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குமேல் கற்க வேண்டியது என்ன, அதை எந்தப் பள்ளி தரும் என்பது அதற்குப்பின் உங்களுக்கே விளங்கும்.