உறையில் எழுதியதும் நரம்பில் இசைத்ததும்

இசைத்தட்டை உறையினின்றும் எடுக்குமுன் அவ்வுறையின் பின்புறத்தைப் படித்துவிடும் வழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. இன்ன துயரத்தில் இதை இயற்றினேன், இன்னாரின் நினைவுக்கு இதைப் படைத்தேன் என்று இசையமைப்பாளர் அங்கே சொல்லியிருப்பார். மேலை மரபில் நம் காலத்தில் எழுதுவோரின் தட்டுகளில், அதிலும் இருவரோ நால்வரோ அருகருகே அமர்ந்து வாசிக்கும் அறையிசைத் தட்டுகளில், இத்தகைய வாசகம் இல்லாதிருப்பது அரிது. சிம்பொனி பேரவையை நோக்கி முழங்குவது. அறையிசையோ நம் காதருகே வந்து பேசுவது. அருகில் வந்து பேசுகிறவரிடம் எங்கிருந்து வருகிறீர் என்று கேட்கத் தோன்றுவது இயல்புதானே! ஆனால் உறை சொல்லும் பதிலையே இசையும் சொல்கிறதா என்பது வேறு கேள்வி. அக்கேள்வியைத்தான் இங்கே எழுப்ப விரும்புகிறேன்.

இதை என்னுள் கிளறிவிட்டது மாக்ஸ் ரிக்டரின் 'நீலக் குறிப்பேடுகள்'. 1966இல் ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர் ரிக்டர். 2004இல் வெளிவந்த இத்தட்டு, ஈராக்கின் மீது 2003இல் தொடுக்கப்பட்ட போருக்கு எதிர்ப்பாகப் பிறந்தது என்பது அவரே பன்முறை கூறியுள்ள செய்தி. ஒரு சில தந்திக் கருவிகள், பியானோ, தட்டச்சுப் பொறியின் ஓசை, இடையிடையே காஃப்காவின் குறிப்பேடுகளிலிருந்தும் போலந்துக் கவிஞர் மிலோஷின் எழுத்திலிருந்தும் நடிகை டில்டா ஸ்விண்டன் படிக்கும் வரிகள். தட்டின் சரக்கில் முதன்மையானவை இவை. அதிலுள்ள 'பகலொளியின் இயல்பு குறித்து' என்னும் பகுதியை உலகின் பெரும்பகுதி இன்று அறியும். மெல்ல அடியெடுத்து வைக்கும் சில சுர அடுக்குகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றின் மீது வயலின் ஒன்று தயங்கித் தயங்கி மேலேறுகிறது. கேட்டபோது என் கண் கலங்கியதை மறைக்க மாட்டேன்.

ஆனால் எதற்காகக் கலங்கியது? பக்தாதுக்காகவா? உறையையும் பேட்டிகளையும் படிக்காதவன் அந்த ஆறு நிமிட இசையில் பக்தாதை எப்படிக் காண்பான்? 2010இல் 'ஷட்டர் ஐலண்ட்' என்ற திரைப்படத்தில் அதே இசை ஒருவனுடைய குடும்ப இழப்புக்குத் துணை நின்றது. 2016இல் 'அரைவல்' என்ற படத்தில் மகளை இழக்கும் ஒரு தாயின் துயரத்துக்கு வந்து நின்றது. எல்லாத் துயருக்கும் பொருந்தும் அழுகை அது. அழைத்த வீட்டுக்கெல்லாம் போய் ஒப்பாரி வைக்கும் கூலிக்காரி நம் ஊர்களில் இருந்ததுண்டு. அவள் குரலிலும் இனிமை இருந்தது, உருக்கம் இருந்தது, இறந்தவன் பெயர் மட்டுமே மாறிக்கொண்டிருந்தது. ரிக்டரின் நேர்மையை நான் ஐயுறவில்லை. படையெடுப்பைக் கண்டு உள்ளம் கொதித்த கலைஞர்களில் அவரும் ஒருவர். கொதிப்பு உண்மை, ஆயினும் அது நரம்பில் ஏறவில்லை என்பதே என் முறையீடு. குண்டு விழுந்த நகரத்துக்கென்று இயற்றிய இசையில் அந்நகரத்தின் ஒரு மூச்சேனும், ஒரு சுரமேனும் வேண்டாமா?

சொல்லற்ற இசையிடம் ஊர்ப்பெயரைக் கேட்பது முறையா என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்புக்கு விடை ஸ்டீவ் ரைஷிடம் இருக்கிறது. 1988இல் அவர் குரோனோஸ் நால்வர் குழுவுக்கென எழுதிய 'வெவ்வேறு தொடர்வண்டிகள்' அரைமணிக்குச் சற்றுக் குறைவாக ஒலிப்பது. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தமையால் சிறுவன் ரைஷ் 1939க்கும் 1942க்கும் இடையே நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்குமாக, தன்னை வளர்த்த செவிலிப் பெண்ணோடு தொடர்வண்டியில் போய்வந்துகொண்டிருந்தான். யூதனாகிய தான் அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் இருந்திருந்தால் ஏறியிருக்கக்கூடிய வண்டி வேறு என்ற எண்ணம் பிற்காலத்தில் அவரைப் பற்றிக்கொண்டது. அவர் செய்தது என்ன? அச்செவிலியின் குரலையும், ஓய்வுபெற்ற ஓர் இரயில் ஊழியரின் குரலையும், நாஜிகளிடமிருந்து உயிர்தப்பியோரின் குரல்களையும் நாடாவில் எடுத்து, அவர்கள் பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே சுரங்களாக எழுதினார். பெண்குரலை வயோலா திருப்பிச் சொல்கிறது. ஆண்குரலைச் செல்லோ சொல்கிறது. அமெரிக்க வண்டியின் நீண்ட ஊதல் முதற்பகுதியில் ஒலிக்க, இரண்டாம் பகுதியில் ஐரோப்பிய வண்டியின் குறுகிய கூவல் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. உறையைக் கிழித்தெறிந்துவிட்டுக் கேட்டாலும் இவ்விசை எதைப் பற்றியது என்பது விளங்கும். தப்பியவர்களின் சொல்லைத் தாளத்துக்கு இரையாக்கலாமா என்ற உறுத்தல் எனக்கு இன்னும் முற்றாக நீங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எஸ்தோனியரான ஆர்வோ பார்ட்டின் வழி வேறு. தாயைப் பிரிந்து இங்கிலாந்து சென்ற ஒரு பெண்ணுக்காக 1976இல் அவர் எழுதிய 'அலீனாவுக்கு' என்னும் பியானோப் பாடல் இரண்டே பக்கம். 1999இல் வந்த தட்டில் அது இருமுறை இடம்பெறுகிறது, ஒவ்வொரு முறையும் பத்து நிமிட அளவுக்கு விரிந்து. அப்பெண்ணின் கதை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கேட்பவனுக்கு நட்டமில்லை. ஏனெனில் பார்ட் அதைத் தம் இசைக்குச் சான்றாகக் கொண்டுவந்து நிறுத்தவில்லை.

நான் நெடுநேரம் தங்க விரும்புவது பாக்குவில். காஸ்பியன் கரையிலுள்ள அந்நகரில் 1947இல் பிறந்தவர் பிராங்கீஸ் அலிஸாதே. அரபியில் மகாம் எனப்படும் சொல்லே அஜர்பைஜானில் சற்றுத் திரிந்து அந்நாட்டுப் பேரிசை மரபின் பெயராக வழங்குகிறது. நாம் பாசறை என்ற பொருளில் ஆளும் 'முகாம்' என்பதும் அதே வேரில் முளைத்ததுதான். மயக்கம் நேராதிருக்க நான் மகாம் என்றே எழுதுகிறேன். நம் இராகத்தைப் போலவே அதுவும் வெறும் சுரவரிசையன்று. எந்தச் சுரத்தில் நிலைகொள்வது, எப்போது மேலே போவது, எங்கே திரும்பி இளைப்பாறுவது என்ற நெறி அதில் உண்டு. அந்நெறிக்குள் பாடகரின் மனோதர்மம் விரிவதும் உண்டு. உஸெயிர் ஹாஜிபெயோவ் 1908இல் பாக்குவில் 'லைலா மஜ்னூன்' இசைநாடகத்தை அரங்கேற்றியபோது, மகாம் வரும் இடங்களுக்குச் சுரம் எழுதவேயில்லை. இன்ன மகாம் என்று குறித்ததோடு பாடகர் கையில் விட்டுவிட்டார்.

அலிஸாதே 1979இல் செல்லோவுக்கும் பியானோவுக்குமாக எழுதியது 'ஹபீலின் நடையில்'. ஹபீல் அலியெவ் அந்நாட்டின் கமான்சேக் கலைஞர், 2015இல் மறைந்தார். கமான்சே சிறிய உருண்டை வயிறுடைய வில்வாத்தியம். முழங்கால் மீது நிறுத்தி, வில்லுக்கு ஏற்பக் கருவியையே திருப்பித் திருப்பி வாசிப்பார்கள். அக்கருவியை மேடைக்குக் கொண்டுவராமல், செல்லோவே கமான்சேயாக முனகவும் இழையவும் குமுறவும் வேண்டும் என்று எழுதினார் அலிஸாதே. பியானோவின் தந்திகளுக்கிடையே பொருள்களைச் செருகி, அதன் நாகரிகமான ஒலியையும் மாற்றிவிட்டார். இன்னொரு பியானோப் படைப்பில் கண்ணாடி மணிமாலை ஒன்றைத் தந்திகளின் மேல் கிடத்தி, தார் என்னும் தம் நாட்டு வாத்தியத்தின் கலகலப்பை வரவழைத்திருக்கிறார். அகத்தூண்டல் இங்கே விரலில் இருக்கிறது, மரத்தில் இருக்கிறது.

குரோனோஸ் குழுவுக்காக 1993இல் எழுதிய 'மகாமின் நடையில்' இவற்றினும் மேலானது. ஆயினும் இதன் உறைக்குறிப்பில் ஒரு வழுவைக் காண்கிறேன். இஸ்லாத்தில் ஒவ்வாதனவாகக் கருதப்பட்ட உணர்ச்சிகளை மறைத்துப் பேச, பதினாறாம் நூற்றாண்டில் மகாம் ஒரு மறைமொழியாயிற்று என்று மேலைவாசகருக்கு விளக்கம் தரப்படுகிறது. அதே பதினாறாம் நூற்றாண்டில்தான் ஃபுஸூலி இருந்தார். லைலாவையும் மஜ்னூனையும் காவியமாக்கி, காதலை வெட்டவெளிச்சமாகப் பாடி, அதனூடே இறைக்காதலையும் தொட்ட அக்கவிஞர் யாருக்கு அஞ்சி எதை மறைத்தார்? அவருடைய கஸல்களை மகாம் பாடகர்கள் இன்றும் பாடுகிறார்கள். ஒரு பொருளுக்குள் இன்னொரு பொருள் உறைவது சூஃபிக் கவிதையின் இயல்பு. அதை அச்சத்தின் தந்திரம் என்று சுருக்குவது விற்பனைக்கு உதவலாம், செவிக்கு உதவாது.

ஃபுஸூலி வாழ்ந்ததும் 1556இல் மறைந்ததும் ஈராக் மண்ணில். பக்தாதையும் கர்பலாவையும் அறிந்த அவருடைய சொல்லைச் சுமந்து வளர்ந்த இசைமரபொன்று, பக்தாது எரிவதற்குப் பத்தாண்டு முன்பே நான்கு அமெரிக்கர்களின் தந்திகளில் ஒலித்துவிட்டது. போரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை, அறிவிக்கவுமில்லை. ரிக்டரின் தட்டில் நான் தேடிக் காணாதது இங்கே கேளாமலே கிடைத்தது.

அது தொடங்கும் விதத்தைச் சொல்லி முடிக்கிறேன். மேடையில் செல்லோக்காரர் ஒருவரே இருப்பார். தாழ்ந்த குரலில், விளக்கை ஏற்றிவைத்துவிட்டுத் தனியே துஆக் கேட்பவரைப் போல, ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். அடுத்த சுரத்துக்குப் போக அவருக்கு அவசரமில்லை. மற்ற மூவரின் இசையும் மேடைக்கு அப்பாலிருந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, மெதுவாக வந்து சேர்கிறது.