பிழையைத் திருத்த யாருக்கு உரிமை?

போன வாரம் ஒரு பழைய உரைநடை நூலில் ஒரு பத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். எழுதியவர் இறந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான் காப்புரிமை. ஆக, யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு தளத்தில் பிடிஎஃப் கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் தளத்தின் பெயரைக் குறுக்கே அடித்திருந்தார்கள். அது சரியாக எனக்கு வேண்டிய சொல்லின் மேல் உட்கார்ந்திருந்தது! அடியில் ‘அனைத்து உரிமைகளும் எங்களுக்கே’ என்று ஒரு வரி. ஸ்கேன் எடுத்தவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்ததோ.

நம்மிடையே ‘இலவசமா கிடைக்குதே’ என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடுகிறது. படிக்கக் கிடைப்பது ஒன்று. பிரதி எடுக்க, திருத்த, திருத்தியதை மறுபடி வெளியிட முடிவது இன்னொன்று. இந்த இரண்டாவதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை என்பதுதான் என் குறை.

மதுரைத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தன்னார்வலர்கள் கையால் தட்டச்சு செய்து சங்க நூல்களையும் சிற்றிலக்கியங்களையும் வலையேற்றினார்கள். யூனிகோட் புழக்கத்துக்கு வராத காலம் அது. அந்த உழைப்பு இல்லாமல் என் குறிப்புகளில் பாதி எழுதியிருக்கவே முடியாது. முகப்புப் பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு யாரும் பகிரலாம் என்பது அவர்கள் நிபந்தனை. 1998-க்கு அது பெரிய மனசு. ஆனால் உள்ளே ஒரு பிழையைக் கண்டால்? மூலக் கோப்பை நான் தொட முடியாது, எழுதித் தெரிவிக்கலாம். அவர்கள் திருத்தினாலும், அதற்குள் பத்துத் தளங்களுக்குப் போய்விட்ட பழைய பிரதிகளில் அந்தப் பிழை அப்படியே வாழும். எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்துத் தட்டினார்கள் என்று பக்கம் பக்கமாக ஒப்பிடவும் வழியில்லை.

விக்கிமூலம் இந்த இடத்தில் ஒரு படி மேலே. இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் அச்சுப் பக்கத்தின் படம். தமிழ்நாட்டரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பல அங்கே சிசி0 உரிமத்தோடு இருக்கின்றன. அதாவது, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். நாட்டுடைமை என்பதே நம்மூருக்கு உரிய ஓர் ஏற்பாடு. அரசு வாரிசுகளுக்குப் பணம் கொடுத்துவிட்டு நூலை எல்லோருக்கும் ஆக்குகிறது. 1948-இல் இறந்த புதுமைப்பித்தனின் எழுத்து 2009-இல் தானாகவே பொதுக்களத்துக்கு வந்திருக்கும். 2002-இல் நாட்டுடைமையானதால் வாசகருக்கு மிச்சமானது ஏழு வருஷம். பின்னால் இறந்தவர்கள் விஷயத்தில் இந்த லாபம் பல பத்தாண்டுகள். (நாட்டுடைமையானது கதைகள்தான். அவற்றுக்குப் பதிப்பாசிரியர் எழுதிய குறிப்புகள் அவருடையவை. அந்த உழைப்புக்குக் கொஞ்ச காலம் காவல் இருப்பதில் எனக்கு மனக்குறை இல்லை.)

ஆனால் விக்கிமூலத்திலும் ஒரு சங்கடம். பக்கங்களுக்கு நிறம் உண்டு. சிவப்பு என்றால் மெய்ப்புப் பார்க்காதது, மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்தது, பச்சை என்றால் இன்னொருவரும் சரிபார்த்தது. ஓசிஆர் போட்டு ஆயிரக்கணக்கில் பக்கங்களை ஏற்றியாயிற்று. திறந்து பார்த்தால் எங்கும் சிவப்பு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னை, லை எல்லாம் வேறு வடிவம். அங்கே இயந்திரம் தடுமாறி என்னவோ எழுதி வைக்கிறது. உரிமம் திறந்தே இருக்கிறது, உள்ளே போய்த் திருத்தத்தான் ஆளில்லை. எத்தனை நூல் ஏற்றினோம் என்று கொண்டாடுகிற நாம், எத்தனை பக்கம் பச்சையாயிற்று என்று கேட்பதில்லை.

இன்னொரு பக்கம், உயிரோடு இருக்கும் எழுத்தாளர்கள். 2013 முதல் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் அவர்களிடம் பேசி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூல்களை வாங்கி வெளியிடுகிறது. நல்ல காரியம். என் நண்பர் ஒருவரும் தன் நூலுக்கு அந்த உரிமம்தான் போட்டார். பதிப்பகங்கள் மேல் உள்ள பயத்தில் ‘வணிகப் பயன்பாடு கூடாது, மாற்றவும் கூடாது’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்தார். இப்போது அதை மொழிபெயர்த்து வெளியிட அவரைத் தேடித்தான் போக வேண்டும், விக்கிமூலத்திலும் ஏற்ற முடியாது. அவரிடம் சொன்னேன். ‘அதெல்லாம் யார் செய்யப் போறாங்க?’ என்றார். பதில் சொல்ல முடியவில்லை, அவர் கேள்வியில் நியாயமும் இருக்கிறது.

தேடிய நூல் கடைசியில் விக்கிமூலத்திலேயே கிடைத்தது. எல்லாம் சிவப்பு. உட்கார்ந்து பதினொரு பக்கம் திருத்தினேன். அந்தச் சொல் 37-ஆம் பக்கத்தில், படத்தில் தெளிவாகவே இருக்கிறது. நான் மேற்கோள் காட்ட நினைத்ததற்கு நேர் எதிரான பொருள், கட்டுரையை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் இப்போது மஞ்சள். நான் படித்தது சரிதானா என்று இன்னொருவர் பார்த்துச் சொன்னால் நல்லது.