உள்ளூர் முகமும் ஒரே உரையும்: சின்கிளேர் தொலைக்காட்சி நிலையங்கள்

1971இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒற்றைத் தொலைக்காட்சி நிலையத்துடன் தொடங்கிய சின்கிளேர் ஒளிபரப்புக் குழுமம், 2018இல் ஏறத்தாழ 190 நிலையங்களை வைத்திருந்தது. பெரும்பான்மை வாக்குரிமை சுமித் குடும்பத்தாரிடம் உள்ளது. வாங்கும் நிலையங்களுக்கு இக்குழுமம் தன் பெயரைச் சூட்டுவதில்லை. அலைவரிசை எண்ணும் பழகிய செய்தி வாசிப்பாளரும் பெரும்பாலும் அப்படியே இருப்பதால், கைமாறியது நேயர்களுக்குத் தெரிவதில்லை.

2018 மார்ச்சில் இந்நிலையங்களின் வாசிப்பாளர்கள் தலைமையகம் அனுப்பிய உரையொன்றை வரி பிசகாமல் படித்தனர். சில ஊடகங்கள் பொய்ச் செய்தி பரப்புவது மக்களாட்சிக்கு ஆபத்து என்பது அதன் சாரம். டெட்ஸ்பின் இணையதளம் அவற்றை ஒன்றாகத் தொகுத்துக் காட்டியபோதுதான் நாடே கவனித்தது. ஊர்ப்பெயர் வரும் இடத்தில் மட்டும் உரை வேறுபட்டது; தேர்வுத்தாளில் வரும் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ போல. பல்லாண்டுகளாக மழை, வெள்ளம், பள்ளி விடுமுறை சொல்லி அந்த முகங்கள் ஈட்டிய நம்பிக்கையை உரிமையாளர் தன் கருத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்பதே இதிலுள்ள பெருங்குறை.

2017இல் சின்கிளேர் வாங்கிய நிலையங்களை, அதே பகுதிகளின் பிற நிலையங்களோடு மார்ட்டின், மெக்ரெயின் என்ற ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். தேசிய அரசியல் செய்தி கூடியது. உள்ளூர்ச் செய்தி குறைந்தது. வலதுசாரிச் சாய்வும் மிகுந்தது. நேயர் எண்ணிக்கையோ உயரவில்லை, சற்றே குறைந்தது. ஆகவே மக்கள் விரும்பிக் கேட்டதால் வந்த மாற்றம் என்று இதைச் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் தயாரித்ததைப் பல ஊர்களுக்கு அனுப்புவது, நகராட்சிக் கூட்டத்துக்குச் செய்தியாளரை அனுப்புவதைவிட மலிவு. அரசியல் சாய்வைச் சாடும் பலர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

சட்டமும் நெகிழ்ந்தே கிடக்கிறது. ஒரு நிறுவனத்தின் நிலையங்கள் நாட்டின் 39 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வீடுகளை எட்டக் கூடாது. ஆனால் யுஎச்எப் அலைவரிசையாயின் வீடுகளில் பாதியைக் கணக்கிட்டால் போதும். அந்த அலை வலுவற்றிருந்த காலத்துச் சலுகை இது. எண்ணிம ஒளிபரப்பு வந்தபின் அதற்குப் பொருளே இல்லை. 2016இல் நீக்கப்பட்ட சலுகை 2017இல் திரும்ப வந்தது. அடுத்த மாதமே, ட்ரிப்யூன் நிறுவனத்தை 390 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சின்கிளேர் அறிவித்தது. வரம்புக்குள் நிற்க, சிகாகோ நிலையத்தைச் சுமித்தின் தொழில் கூட்டாளி ஒருவருக்கு விற்றுவிட்டு, நடத்தும் பொறுப்பைத் தானே வைத்துக்கொள்ளவும் திட்டமிட்டது. ஒழுங்குமுறை ஆணையம் ஐயம் எழுப்பவே, 2018 ஆகஸ்டில் ட்ரிப்யூன் விலகிக்கொண்டது.

அதனால் ட்ரிப்யூன் நிலையங்கள் உள்ளூர்க்காரர்கள் கைக்குப் போய்விடவில்லை. 2019இல் அந்நிறுவனத்தை வாங்கிய நெக்ஸ்டார், நாட்டிலேயே மிக அதிகமான உள்ளூர் நிலையங்களைக் கொண்ட நிறுவனமாயிற்று.