மேலே இருப்பது முதலில்

முகத்துவாரத்திலிருந்து காலையில் பஸ் ஏறும் இளசுகளில் சிலர் மென்பொருள் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் புழங்கும் சொற்களில் எனக்குப் பிடித்தது ‘பேக்லாக்’. செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்தான். ஆனால் அதில் இரண்டு வேலைகள் ஒரே படியில் நிற்க முடியாது. எல்லாமே அவசரம் என்று சொல்லித் தப்ப வழியில்லை. எது மேலே என்பதற்குக் குழுவல்ல, ‘புரொடக்ட் ஓனர்’ என்ற ஒரே ஆள்தான் பொறுப்பு. பாவம், ஏச்சும் அவருக்குத்தான்!

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இலங்கையின் மென்பொருளாளர்கள் தன்னார்வமாக எழுதிய ‘சஹானா’ என்ற நிவாரண மென்பொருளை நினைத்துப் பார்க்கிறேன். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி அமைப்புகளின் பதிவு, நிவாரணக் கோரிக்கை. ஒவ்வொன்றும் உயிர் சம்பந்தப்பட்டது. அங்கே பட்டியலில் எதைப் பின்னால் தள்ளுவது? அந்த மென்பொருள் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் கைகொடுத்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலன் விருதையும் பெற்றது.

நல்ல பேக்லாக்கின் மேல்வரிகள் சில நாளில் முடிக்கக்கூடிய சிறு துண்டுகளாக இருக்கும். கீழே போகப் போகப் பெரிதாக, மங்கலாக. அந்த மங்கலை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். நாளைக்கு மாறக்கூடியதை இன்றே விவரித்து நேரத்தை ஏன் வீணாக்குவது? அடியில் நெடுநாள் கிடப்பதைச் சிலர் கூசாமல் அழித்தும் விடுகிறார்கள்.