திமிர்: ஒரு சொல்லின் எல்லைக்காவல்

எளாவூர் சோதனைச்சாவடியில் எல்லை கண்ணுக்குத் தெரியும். பேச்சில் உள்ள எல்லை அப்படித் தெரியாது. 'மரியாதை'யின் வடமொழி மூலத்துக்கு வரம்பு, எல்லை என்றே பொருள். அப்படியானால் அவமரியாதை என்பது குணக்கேடு அல்ல, எல்லைதாண்டல். எல்லையைப் போட்டது யார் என்பதுதான் கேள்வி.

'இன்னா திமிரு', 'கொழுப்பு ஏறிப்போச்சு', 'வாய் நீளுது', 'தலைக்கனம்'. வசைகள் எல்லாமே உடம்பைக் குறிவைக்கின்றன. திமிர் என்றால் மரத்துப்போதல். திமிர்வாதம் என்கிறோமே, அதுதான். கொழுப்பு சோற்றால் வருவது. வயிறு நிறைந்தவன் அடங்கமாட்டான், அடி உறைக்காதவன் பணியமாட்டான் என்கிற ஆண்டையின் பயம்தான் இச்சொற்களில் உறைந்திருக்கிறது. அதே நடையை மேலே இருப்பவன் நடந்தால் மிடுக்கு, கம்பீரம்.

ஆலைக்குள் இப்பயம் சட்டமொழி பேசும். 1946இன் நிலையாணைச் சட்டத்தையொட்டி வந்த மாதிரி நிலையாணைகள், தவறான நடத்தைப் பட்டியலில் முதலில் வைத்தது வேண்டுமென்றே கீழ்ப்படியாமையை. சட்டப்படியான, நியாயமான உத்தரவுக்கு என்ற நிபந்தனை உண்டுதான். ஆனால் எது நியாயம் என்று முதலில் சொல்பவர் உத்தரவு போட்டவரே.

இதே கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் ஆத்துப்பாக்கத்தில், 2020 ஆகஸ்ட் 15 அன்று ஊராட்சித் தலைவர் அமிர்தம், தலித் பெண், பள்ளியில் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். ஆகஸ்ட் 20 அன்று ஆட்சியர் வந்து நின்ற பிறகே ஏற்றினார். தடுத்ததைப் பாகுபாடு என்றோம், தீண்டாமை என்றோம். இரண்டும் சரி. ஆனால் ஓட்டில் வென்றவரைத் தடுத்த அந்தச் செயலுக்குத் 'திமிர்' என்ற சொல் ஏன் நம் வாயில் வரவில்லை? அச்சொல் கீழ்நோக்கி மட்டுமே பாய நாம் பழக்கியிருக்கிறோம். ஆட்சியர் வந்ததும் உரிமைகூட மேலிருந்து திறந்துவிடப்பட்ட கதவு போலாகிவிட்டது.

'நானும் திமிர் பிடித்தவன்தான்' என்று மார்தட்டினால் போதுமா? சினிமாக் கதாநாயகன் அதைத்தான் செய்கிறான், கைதட்டல் வாங்குகிறான். 2018இல் கச்சநத்தத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது மரியாதைக்குறைவு என்று தொடங்கியதாகச் செய்திகள் சொன்ன பகை மூன்று தலித் உயிர்களைத் தின்றது. அங்கே திமிர் அலங்காரமல்ல, மரணதண்டனைக்கான குற்றச்சாட்டு.

1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் அடுத்தவனுக்குச் செலுத்தும் கப்பமாயிருந்த மரியாதையைத் தன்பக்கம் திருப்பியது. மிச்சம் இருக்கும் வேலை நம்முடையது. நம் கூட்டங்களில் கணக்குக் கேட்கும் தோழியை 'வாய்க்கொழுப்பு' என்று முணுமுணுக்கிறோமே, அந்த நிமிஷம் சாவடியில் நிற்பது யார்?