முன்கித்: ஈமானும் தேட்டமும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'அல்முன்கித் மினழ்ழலால்' நூலை, ஐயத்தில் தொடங்கித் தேட்டத்தில் வளர்ந்து ஈமானில் முடியும் வரலாறாகவே பலரும் வாசிக்கின்றனர். நூலின் அமைப்பு இவ்வாசிப்புக்கு இடந்தரவில்லை என்பது நம் கருத்து.

நூல் இரு நெருக்கடிகளைக் கூறுகிறது. முதலாவது, புலனறிவையும் பகுத்தறிவையும் ஐயுற்று ஏறத்தாழ இரு மாதம் வருந்திய நிலை. அதைத் தீர்த்தது தர்க்கமன்று, இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியே என்கிறார் இமாம். அதன் பின்னரே கலாம் அறிஞர், தத்துவவாதிகள், பாத்தினிய்யாக்கள், ஸூஃபிகள் என நால்வகையினரையும் ஆராய்கிறார்.

இரண்டாவது, ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) பக்தாத் நிஜாமிய்யாவின் ஆசிரியப் பதவியைத் துறக்கச் செய்தது. அப்போது இறைவன், நபித்துவம், மறுமை ஆகிய மூன்றிலும் அவரது ஈமான் உறுதியாகவே இருந்தது. இல்லாதிருந்தது 'தவ்க்' எனும் அனுபவச் சுவை. உடல்நலத்தின் இலக்கணமறிந்த மருத்துவரே நோயுற்றுக் கிடக்கலாம் என்பது அவர் காட்டும் உவமை. ஆகவே, ஈமான் தேட்டத்தின் முடிவன்று, அதன் முதல்.

பல்லாண்டு கழித்து எழுதப்பெற்ற இந்நூலின் வரிசையொழுங்கு, வாழ்வு நிகழ்ந்த விதத்தினும் சீரானதோ என ஐயுற இடமுண்டு. ஆயினும் பதவியும் புகழும் தம்மைப் பிடித்திழுக்க, ஆறு மாத காலம் ஊசலாடியதை இமாம் மறைக்கவில்லை. நூலின் நம்பகத்தன்மை அங்கேதான் உள்ளது.

தேடுகிற மாணவரை ஈமான் குறைந்தவராக ஐயுறுவதும், ஓதி முடித்தவருக்குத் தேட ஏதுமில்லை எனக் கருதுவதும் நம் மத்ரஸாச் சூழலில் காணும் போக்குகள். இரண்டையும் முன்கித் மறுக்கிறது.